மூங்கில் துணி வாங்கலாமா என்று கேட்ட சகோதரிக்கு

காரைக்குடியில் குர்த்தியும் சட்டையும் தைத்து விற்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் தங்க வரும் வெளியூர்க்காரர்கள் அவர் கடைக்கும் வருகிறார்களாம். வந்தவர்கள் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது சூழலைக் கெடுக்காத துணியா?" என்று விசாரிக்கிறார்களாம். இதற்கிடையில் வியாபாரி ஒருவர் மாதிரிப் புத்தகத்தோடு வந்து மூங்கில் துணி, தைல மரத் துணி, பாட்டில் துணி, ஆரஞ்சுத் தோல் துணி என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டியிருக்கிறார். சாதாரணப் பருத்தியைப் போல இரண்டு மடங்கு விலை. "இதில் எதை வாங்கினால் பொய் சொல்லாமல் விற்கலாம்?" என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரியைத்தான் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். உலகத்திலேயே சிறந்த இழை எது என்று கேட்டிருந்தால் நழுவியிருப்பேன். பொய் சொல்லாமல் விற்பது எப்படி என்றால், கொஞ்சம் பேசலாம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்தது காரைக்குடி, தறிச்சத்தம் கேட்கும் தெரு. படித்தது சென்னையில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில், ஜவுளித் தொழில்நுட்பம். நம்மூர் வள்ளல் அழகப்பர் கொடையில் 1944இல் தொடங்கிய கல்லூரி என்பதால் அப்போதே கொஞ்சம் சொந்த வீட்டு உரிமையோடுதான் படித்தேன். அப்புறம் திருப்பூரில் சாயப்பட்டறை ஆய்வகத்தில் பதினெட்டு வருடம். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஆகவே என் பேச்சில் சாயப்பட்டறை வாடை தூக்கலாகவே இருக்கும். பட்டும் கம்பளியும் என் கைக்குப் பழகாதவை, அவற்றைத் தொடப்போவதில்லை.

முதலில் மூங்கில். மாதிரிப் புத்தகத்தில் அது மெத்தென்று, பட்டுப் போல வழுக்கிக்கொண்டு இருந்திருக்கும். அப்படி இருந்தால் அது விஸ்கோஸ். நம் அம்மாக்கள் ரேயான் என்று சொன்ன அதே சரக்கு. மூங்கில் தண்டில் இழை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதை அப்படியே உரித்து நூற்றால் கிடைப்பது சணலுக்குத் தம்பி மாதிரி முரடான ஒன்று. சந்தையில் அது அபூர்வம். கடையில் வருவது வேறு வழியில் பிறந்தது. மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்ஃபைடு சேர்த்துத் தேன் பதத்துக்குக் கரைத்து, சல்லடைக் கண் மாதிரி நுண்ணிய துளைகள் வழியாக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி இழையாக்குகிறார்கள். அந்த டைசல்ஃபைடு பொல்லாதது. அதை வருடக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நரம்பும் இதயமும் கெடும் என்பது மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அந்த வாயுவை ஒழுங்காகப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஆலைகளும் உண்டு, புகைபோக்கியில் விட்டுவிடும் ஆலைகளும் உண்டு. உங்கள் மாதிரித் துண்டு எந்த ஆலையில் பிறந்தது என்பதை அதன் மேல் எழுதியிருக்காது.

மூங்கில் பூச்சிமருந்து இல்லாமல் வளரும், சீக்கிரம் வளரும் என்பதெல்லாம் சரி. ஆனால் அது மூங்கிலின் பெருமை. கூழாகிக் கரைந்து திரும்ப இழையான பிறகு, அது மூங்கிலா வேறு மரமா என்று இழையைப் பார்த்துச் சொல்வதே பெரும்பாடு. 'மூங்கிலுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் இருக்கிறது, துணியிலும் அது வருகிறது' என்று வியாபாரி சொல்லியிருப்பார், எல்லோரும் சொல்வதுதான். அந்தக் குணம் இத்தனை ரசாயனக் குளியலையும் தாண்டித் துணிவரை வந்து சேர்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் கூட்டாட்சி ஆணையம் 2009லிருந்தே இந்த விளம்பரத்தைப் பிடித்து வருகிறது. 2022இல் ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக வால்மார்ட் 30 லட்சம் டாலரும் கோல்ஸ் 25 லட்சம் டாலரும் அபராதம் கட்ட நேர்ந்தது. அவ்வளவு பெரிய கடைகளே மாட்டிக்கொண்ட இடத்தில் நாம் கால்வைக்க வேண்டாம். பிடித்திருந்தால் வாங்குங்கள். ஆனால் அட்டையில் 'மூங்கிலிலிருந்து செய்த விஸ்கோஸ்' என்று எழுதுங்கள்.

துணி விஸ்கோஸா பருத்தியா என்று நீங்களே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். எரித்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அது இங்கே உதவாது, ஏனென்றால் இரண்டுமே எரிந்தால் காகிதம் கருகும் வாடைதான். துணியின் ஓரத்திலிருந்து ஒரு சாண் நூலை உருவிக்கொள்ளுங்கள். நடுவில் மட்டும் நாக்கால் தொட்டு ஈரமாக்குங்கள். இரண்டு முனையையும் இரண்டு கைகளில் சுற்றி மெதுவாக இழுங்கள். விஸ்கோஸ் என்றால் எச்சில் பட்ட இடத்தில் நோகாமல் அறும், ஏனென்றால் நனைந்தால் அதன் பலம் பாதிக்குப் பாதி போய்விடும். பருத்தி நேர்மாறு, நனைந்தால் இன்னும் முறுக்கேறும். அறுந்தால் உலர்ந்த இடத்தில்தான் அறும். நாலைந்து நூலில் பாருங்கள், நீளவாக்கில் ஓடும் பாவிலும் குறுக்கே போகும் ஊடையிலும் தனித்தனியாகப் பாருங்கள். பாவு பருத்தியும் ஊடை விஸ்கோஸுமாக நெய்து 'சுத்தப் பருத்தி' என்று கொடுத்த சரக்கை இப்படித்தான் ஒருமுறை பிடித்தேன். விற்றவர் இன்றும் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

இந்தச் சோதனையிலேயே இன்னொரு சேதியும் இருக்கிறது. நம்மூர் சித்திரை வெயிலில் உடுப்பு நனைந்தபடியேதான் இருக்கும், வியர்வையில். நனைந்தால் வலுவிழக்கும் துணியில் அக்குள் தையலும் பிட்டத் தையலும் முதலில் பிய்யும். ஒரு வருடத்தில் பிய்ந்துபோகும் சட்டைக்கு சூழல் பெருமை எதற்கு?

தைல மரத் துணி என்று அவர் காட்டியது லையோசெல் ஆக இருக்க வேண்டும். டென்செல் என்ற பெயரில் ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம் விற்பது இதைத்தான். இதுவும் மரக்கூழைக் கரைத்து எடுப்பதுதான், ஆனால் கரைப்பான் வேறு. அமீன் ஆக்சைடு என்ற ஒன்று. நச்சு மிகக் குறைவு. சுற்றிச் சுற்றி அதே தொட்டிக்குத் திருப்புகிறார்கள், 99 சதவீதத்துக்கு மேல் மீட்டுவிடுகிறார்கள். இந்த வகையறாவில் செய்முறை அளவில் உண்மையான முன்னேற்றம் எது என்று கேட்டால் லையோசெல்லைத்தான் காட்டுவேன். ஈரத்திலும் விஸ்கோஸைவிட நன்றாகத் தாங்கும். குறை என்றால், துவைக்கத் துவைக்க மேலே மெல்லிய ரோமம் கிளம்பும், அடர்நிறத் துணியில் வெளுத்த மாதிரி தெரியும். முதல் தரச் சரக்கில் இதை அடக்கிவிடுகிறார்கள், மலிவுச் சரக்கில் அடக்குவதில்லை.

ஆனால் மரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு தைல மரக்காட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சாலையின் இருபுறமும் வரிசை பிடித்து நிற்கும், கீழே புல் முளைக்காது. கண்மாய்க்கு வரவேண்டிய தண்ணீரை அது குடித்துவிடுகிறது என்று சம்சாரிகள் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதே மரம் இன்னொரு நாட்டில் முறையாக வளர்த்த காட்டிலிருந்தும் வரலாம். மரத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. காட்டுக்குச் சான்று இருக்கிறதா, ஆலையின் பெயர் என்ன என்று கேளுங்கள். டென்செல் என்றால் நிறுவனமே கொடுக்கும் தொங்கட்டை இருக்கும். அட்டை இல்லாமல் வாயால் மட்டும் டென்செல் என்றால், சும்மா தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்லுங்கள்.

பாட்டில் துணி பற்றி எனக்கு இரண்டு மனது. பெட் பாட்டிலைக் கழுவி, சில்லாக்கி, உருக்கி பாலியஸ்டர் இழையாக்குவது நம் பக்கத்தில் நன்றாகவே நடக்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் பாட்டிலிலிருந்து செய்த நீல நிறக் கையில்லா மேலங்கியோடு நாடாளுமன்றத்துக்கு வந்தாரே, அந்தத் துணி கரூரிலிருந்து போனது. புதிதாக எண்ணெயிலிருந்து பாலியஸ்டர் செய்வதைவிட இதற்கு எரிசக்தி குறைவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டில் திரும்பப் பாட்டிலாக முடியும். துணியானால் பெரும்பாலும் அத்தோடு அதன் பயணம் முடிந்தது. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நெகிழி இழைகள் உதிர்ந்து சாக்கடைக்குப் போகின்றன, அதுவும் உறுதியான விஷயம். அவை உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது, பயமுறுத்தவும் மாட்டேன், தைரியம் சொல்லவும் மாட்டேன். உங்களுக்கு முக்கியமானது வேறொன்று. பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்குக் காற்றிலிருந்தே ஈரம் வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் உட்கார்ந்தாலே வியர்க்கும் ஊரில் அதைக் குர்த்தியாகத் தைத்துக் கொடுத்தால் போட்டவர் உங்களைத்தான் திட்டுவார். பைகள் தைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியைப் 'பாதி இயற்கை' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கலந்தது மக்காது, மறுசுழற்சிக்குப் பிரிப்பதும் லேசில்லை. டெரிகாட்டன் காலத்திலிருந்து இருக்கும் சிக்கல் இது, பெயர்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆரஞ்சுத் தோல், அன்னாசி இலை, காளான் தோல் எல்லாம் கேட்க நன்றாக இருக்கும். ஆரஞ்சுத் தோலிலிருந்து இத்தாலியில் இழை எடுத்தது உண்மை. நம் மாதிரிப் புத்தகம்வரை வந்தது அதுதானா என்பதைச் சான்று இல்லாமல் நம்ப மாட்டேன். அன்னாசி இலையில் செய்வது தோல் மாதிரியான ஒரு பொருள், செருப்புக்கும் பைக்கும் ஆகும், சட்டைக்கு ஆகாது. பிடிமானத்துக்கு மேலே பிசின் பூச்சும் உண்டு. காளான் தோலில் பெரிதாகப் பேசப்பட்ட மைலோவின் உற்பத்தியை 2023இல் நிறுத்தி வைத்தார்கள். பழைய பருத்தித் துணியைக் கூழாக்கிப் புது இழைக்கு மூலப்பொருளாகக் கொடுத்த ஸ்வீடனின் ரீநியூசெல் 2024 பிப்ரவரியில் திவால் ஆகி, பிறகு கைமாறி வேறு பெயரில் எழுந்தது. தொழில்நுட்பம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆய்வகத்தில் ஜெயித்தது சந்தை விலையில் ஜெயிக்க நாளாகும், அவ்வளவுதான். தாமரைத் தண்டின் நூலில் பர்மாவின் இன்லே ஏரிப் பக்கம் துணி நெய்கிறார்கள். கொண்டுவிற்கப் போன செட்டியார்கள் யாராவது ஒரு துண்டு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. வாழைநார் மட்டும் நமக்கு நெருக்கமானது. சென்னைக்குப் பக்கத்தில் அனகாபுத்தூர் நெசவாளர்கள் அதில் சேலையே நெய்கிறார்கள். நார் விறைப்பு, தனியாக நின்றால் மடிப்பில் உடையும், அதனால் பருத்திப் பாவில் ஊடையாகக் கொடுப்பார்கள். மேல்சட்டைக்கு, கைப்பைக்கு அழகு. தினமும் துவைத்துப் போடும் குர்த்திக்கு நான் சொல்ல மாட்டேன்.

இப்போது பருத்தி. ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று எங்கும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், வாடிக்கையாளரும் கேட்பார். அந்தக் கணக்கு கற்பனை இல்லை, ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதில் பாதிக்குக் கொஞ்சம் கீழே பாசனத் தண்ணீர். ஏறத்தாழ நாற்பது சதவீதம் செடி குடித்த மழைத் தண்ணீர். மிச்சம், கழிவைக் கரைத்து ஒப்பேற்ற எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்ற ஏட்டுக் கணக்கு. அதுவும் உலகச் சராசரி. மானாவாரிக் கரிசலில் வானத்தைப் பார்த்து விளைந்த பருத்திக்கும், கிணறு வற்ற இறைத்து விளைந்த பருத்திக்கும் ஒரே எண்ணைப் போட முடியாது. இதைப் போலவே பருத்தியைவிடப் பாலியஸ்டர் மேல் என்று புள்ளி போட்ட ஹிக் குறியீடு என்று ஒன்று இருந்தது. அந்தப் புள்ளிகளைக் காட்டி விளம்பரம் செய்வது மக்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்று 2022இல் நார்வே நுகர்வோர் ஆணையம் சொல்லிவிட்டது. எண்ணைப் பார்த்தால் உடனே நம்பாமல், எதை எதோடு கூட்டினார்கள் என்று கேட்பது நல்லது.

இயற்கைப் பருத்திக்கு ஜிஓடிஎஸ் என்ற சான்று இருக்கிறது. அதில் 95 சதவீதம் இயற்கை இழை இருந்தால்தான் 'இயற்கை' என்று போடலாம், 70 இருந்தால் 'இயற்கை இழை கொண்டு செய்தது' என்று போடலாம். சாயம், கழிவுநீர், தொழிலாளி நிலை எல்லாவற்றையும் அது பார்க்கும். ஓகோ-டெக்ஸ் 100 என்ற அட்டையோ முடிந்த துணியில் கெட்ட ரசாயனம் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஆற்றில் என்ன கலந்தது என்பது அதன் வேலை இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்கிறார்கள். ஜிஓடிஎஸ்ஸிலும் ஓட்டை விழுந்ததுண்டு. 2020இல் இந்தியாவிலிருந்து போன 20,000 டன் பஞ்சுக்குக் கொடுத்த சான்றிதழ்கள் போலி என்று அவர்களே கண்டுபிடித்து அறிவித்தார்கள். எனக்கும் ஓர் அனுபவம் இருக்கிறது: ஒரு நூற்பாலை அனுப்பிய சான்றின் நகலில் இருந்த எடையைவிட அந்த லாட்டில் எங்களுக்கு வந்த நூலின் எடை அதிகம். கேட்டதற்குத் தட்டச்சுப் பிழை என்றார்கள். ஆகவே அட்டையைப் பார்க்காதீர்கள், அந்தச் சரக்கு கைமாறும்போது அதற்கென்றே கொடுக்கும் பரிமாற்றச் சான்றைக் கேளுங்கள். அதிலுள்ள உரிம எண்ணை ஜிஓடிஎஸ் இணையதளத்தில் போட்டால் விற்ற நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். நீங்கள் இருபது முப்பது மீட்டர் வாங்குகிறவர், உங்களுக்கு அது கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் அது உங்கள் கணக்கில் வெறும் பருத்தி. வெறும் பருத்தி என்று சொல்லி விற்பதில் ஒரு கேவலமும் இல்லை.

வந்த விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை இழைப் பெயர்களும் மறைத்துவிடுகிற ஒன்று இருக்கிறது: இழை எதுவானாலும் நனையும் வேலை ஒன்று உண்டு. கஞ்சி எடுப்பது, வெளுப்பது, சாயம் போடுவது, அலசுவது. சூழலுக்கு வந்த சேதத்தில் நான் என் கண்ணால் பார்த்தது இங்கேதான். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் துணி பிடித்துக்கொள்வது போக, ஐந்தில் ஒன்று, சில நிறத்தில் மூன்றில் ஒன்றுகூட, அப்படியே தண்ணீரோடு போகும். சாயம் ஏற லிட்டருக்கு ஐம்பது அறுபது கிராம் உப்பும் போட வேண்டும். நிறத்தை நீக்கிவிடலாம், உப்புதான் எமன். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறும் அதன் மேலுள்ள ஒரத்துப்பாளையம் அணையும் அந்த உப்பில்தான் போயின. கீழே இருந்த கிணறுகளில் வாளியை விட்டால் வந்த தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும், அதைப் பார்த்திருக்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது நான் அங்கே இருந்தேன். எப்போதும் ஆவி அடிக்கும் கூடத்தில் அன்று ஆய்வக மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. கோபம் வந்தது, சம்பளம் நின்றதால். தீர்ப்பு சரி என்பது புரிய எனக்கு இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று.

அதற்குப் பின் வந்ததுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு. சவ்வில் வடித்து, மிஞ்சியதைக் காய்ச்சி, உப்பை எடுத்துத் திரும்பத் தொட்டியில் போடுவது. இதற்கு மின்சாரமும் விறகும் தின்னும், உண்மை. ஆனாலும் துணித்துறையில் நம் மண்ணில் நடந்த பெரிய மாற்றம் எது என்றால் காளான் தோலைவிட இதைத்தான் முதலில் சொல்வேன். மாதிரிப் புத்தகத்தில் இது வராது, தடவிப் பார்த்தாலும் தெரியாது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: 'சாயம் எங்கே போட்டது, அந்தப் பட்டறை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்ததா?' இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த வியாபாரியிடம் மூங்கில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாங்குங்கள்.

'அப்படியானால் இயற்கைச் சாயம்?' என்று கேட்பீர்கள். அவுரி நல்லது, திண்டிவனம் பக்கம் இன்றும் விளைகிறது. தகரை விதையும் சுண்ணாம்பும் போட்டுப் புளிக்கவைத்த தொட்டியில் முக்கினால் பச்சையாக வெளிவந்து, காற்றுப்பட்டு நம் கண் முன்னாலேயே நீலமாகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. மஞ்சிட்டியின் சிவப்பு, கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்பு, மாதுளை ஓட்டின் மஞ்சள், இவை நிற்கும். ஆனால் இயற்கை என்பதாலேயே எல்லாம் நிற்காது. ஊருக்குத் திரும்பிய புதிதில், அனுபவஸ்தன் என்ற திமிரில், ஒரு கடைக்கு நாற்பது துப்பட்டா மஞ்சள் கிழங்கில் சாயமேற்றிக் கொடுத்தேன். தங்கம் மாதிரி இருந்தது. கடைக்காரர் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் மேற்கு வெயில் படும் இடத்தில் மாட்டினார். பத்தே நாளில் மடிப்புக்கு உள்ளே தங்கமும் வெளியே பழுத்த வாழையிலையும் ஆகி நின்றது. மஞ்சள் வெயிலுக்குத் தாங்காது என்று கல்லூரியில் முதல் வருடமே படித்தது. நாற்பதையும் திரும்ப எடுத்து இரும்புத் தண்ணீரில் முக்கிப் பாசிப் பச்சையாக்கி விற்றுச் சமாளித்தேன்.

இன்னொன்று, இயற்கைச் சாயத்துக்கும் தண்ணீர் வேண்டும், சிலதுக்கு அதிகமாகவே வேண்டும். துணியின் எடையில் கால்பங்கிலிருந்து சமஎடைவரை சாயப்பொருள் போகும். நிறம் பிடிக்க வைக்கும் உப்பு படிகாரமும் இரும்பும் என்றால் சரி. குரோமியம் என்றால் இயற்கைச் சாயம் என்ற பேச்சே வேண்டாம். கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். அதேபோல ரசாயனச் சாயம் எல்லாமே விஷம் என்பதும் தவறு. உடம்பில் கெட்ட அமீன்களை விடும் அசோ சாயங்களை 1990களிலேயே நம் அரசு தடை செய்துவிட்டது. ஒழுங்கான பட்டறையில் போட்ட ரியாக்டிவ் சாயம் அரைகுறையாகப் போட்ட இயற்கைச் சாயத்தைவிட எவ்வளவோ மேல்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நீங்கள் வசிப்பது காரைக்குடி என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. என் அப்பத்தாவின் கண்டாங்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. கடுகு மஞ்சளில் செங்கல் நிறக் கட்டம், நாலு விரல் தாண்டிய கரை. நூல் தடிப்பு, விரல் நகத்தால் தடவினால் மேடு பள்ளம் தெரியும். பின்கொசுவம் வைத்துக் கட்டிய இடத்தில் மட்டும் மஞ்சள் வெளிறி வெண்ணெய் நிறமாகியிருக்கிறது. கரையில் ஒரு நூல்கூட விடவில்லை. புதிதில் அந்தச் சேலை விறைத்து நிற்கும், முறம் மாதிரி என்று அம்மா சொல்வார். முப்பது நாற்பது துவைப்புக்குப் பிறகுதான் உடம்போடு படியும். இதன் ஜோடிச் சேலை எனக்கும் தங்கைக்கும் தூளியாகக் கிடந்து, பிறகு தலையணை உறையாகி, கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகி, குப்பைக்குழியில் மண்ணோடு போயிற்று. உங்கள் வாடிக்கையாளர் கேட்கும் சூழலைக் கெடுக்காத துணிக்கு இதைவிடப் பெரிய உதாரணம் என்னிடம் இல்லை. காரணமும் மர்மமானதல்ல. நூலின் நம்பர் ஏற ஏற, அதாவது நூல் மெலிய மெலிய, கிலோவுக்கு நூற்பாலையில் மின்சாரம் கூடும். தடித்த நூலுக்குக் குறைவு. தறிக்கு மின்சாரமே இல்லை. கட்டம் போட்ட துணி என்பதால் நூலுக்குத்தான் சாயம், துணி முழுவதையும் வெளுத்து முக்க வேண்டியதில்லை. வருடக்கணக்கில் உழைப்பதால், உடுத்தும் ஒரு நாளுக்கு என்று வகுத்துப் பார்த்தால் எல்லாச் சேதமும் சிறுத்துவிடும்.

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு விற்காதீர்கள். இன்று நெய்வதில் பெரும்பாலானதற்கு நூல் ஆலையிலிருந்து வருகிறது, சாயம் ரசாயனம், பஞ்சு 2002க்குப் பிறகு வந்த, மரபணு மாற்றிய பி.டி. பருத்தி. விசைத்தறியில் ஓட்டிக் கண்டாங்கி என்று தருபவர்களும் இருக்கிறார்கள். கைத்தறி முத்திரையைப் பாருங்கள். அதைவிட, நடந்து போகும் தூரத்தில் தறி இருக்கும்போது போய்ப் பார்த்துவிடுவது. கருங்கண்ணி என்று நம் தெற்குச் சீமைக்கே உரிய நாட்டுப் பருத்தி ஒன்று உண்டு, விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் மழையை மட்டும் நம்பி விளையும். இழை குட்டை, மெல்லிய நூல் வராது என்று ஆலைகள் அதை ஒதுக்கின. தடித்த நூல் கேட்கும் கண்டாங்கிக்கு அந்தக் குட்டை இழை ஒரு குறையே இல்லை. இப்போது ஆங்காங்கே சிலர் மறுபடி விதைத்து நூற்கிறார்கள். கிடைத்தால் பத்து மீட்டர் நெய்யச் சொல்லிப் பாருங்கள். சுருங்கும், அதனால் வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவையுங்கள்.

விலை கட்டுப்படவில்லை என்றால், திருப்பூர் கட்டிங் வேஸ்டிலிருந்து நூற்ற நூல் இருக்கிறது. பனியன் வெட்டும்போது விழும் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து, பிய்த்துப் பஞ்சாக்கி, குட்டை இழையையும் நூற்கக்கூடிய ஓப்பன் எண்ட் ஆலையில் நூற்கிறார்கள். சிவப்புத் துண்டு சிவப்பு நூலாகவே வருவதால் மறுபடி சாயமே வேண்டாம். நான் சொன்ன நனையும் வேலையே இல்லாமல் நிறத்துணி! முரடாக இருக்கும், முழங்கை இடத்தில் சீக்கிரம் தேயும், வலுவுக்காகப் பல ஆலைகள் பாலியஸ்டர் கலக்கின்றன. கலக்காத நூலைக் கேட்டு வாங்கி மேல்சட்டைக்கும் கால்சட்டைக்கும் வையுங்கள்.

நானாக இருந்தால் கடையில் மூன்று வகை வைப்பேன்: கைத்தறிப் பருத்தி, கட்டிங் வேஸ்ட் நூல் துணி, அட்டையோடு வரும் லையோசெல் கொஞ்சம், மெல்லியது கேட்பவர்களுக்கு. ஒவ்வொன்றிலும் எங்கே நெய்தது, என்ன சாயம், நூல் யாருடையது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டு. தெரியாத இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். வெளியூர்க்காரர்கள் அந்தக் காலி இடத்தைத்தான் முதலில் படிப்பார்கள், படித்துவிட்டு மற்றதை நம்புவார்கள்.

அப்புறம் தையல் நூல். பருத்திச் சட்டைக்குப் பாலியஸ்டர் நூல் போட்டால் அது முழுக்க இயற்கை இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான சந்தேகம். ஆனாலும் பக்கத் தையலுக்கும் அக்குளுக்கும் பாலியஸ்டர் நூலையே போடுங்கள். பருத்தி நூல் அங்கே இரண்டு வருடத்தில் விட்டுவிடும், தையல் விட்ட சட்டையை இக்காலத்தில் யார் மறுபடி தைக்கக் கொடுக்கிறார்கள்? சீட்டில் அதையும் எழுதிவிடுங்கள். கழுத்துப்பட்டிக்கு ஒட்டுத்துணிக்குப் பதில் அதே துணியை இரட்டையாக மடித்து வைக்கலாம், பொத்தானுக்குச் சிரட்டைப் பொத்தான் போதும். வெந்நீரில் போட்டால் மட்டும் சில சிரட்டைப் பொத்தான்கள் சாயம் விடும், வெள்ளைத் துணியில் தைக்கும் முன் ஒன்றை ஊறப்போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.